நான்கால் வகுத்தால் வரும் மீதி

எங்கள் பள்ளியின் நான்கு விளையாட்டு இல்லங்களில் ஒரு பெண் சிவப்பா, நீலமா, பச்சையா, மஞ்சளா என்பதை முடிவு செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. அவளுடைய சேர்க்கை எண்ணை நான்கால் வகுக்க வேண்டும். மீதி ஒன்று வந்தால் சிவப்பு இல்லம், இரண்டு வந்தால் நீலம், மூன்று வந்தால் பச்சை. மீதி இல்லையென்றால் மஞ்சள். அக்கா ஏற்கெனவே பள்ளியில் படித்தால் தங்கைக்குக் கணக்கு கிடையாது. அக்காவின் இல்லமே அவளுக்கும். இந்தக் கணக்கைப் போட்டு, தடித்த அட்டை போட்ட பெரிய பதிவேட்டில் ஏற்றுகிறவரை மாணவிகள் ரிஜிஸ்டரக்கா என்று கூப்பிடுவார்கள். ஆசிரியைகளுக்கும் அவர் ரிஜிஸ்டரக்காதான். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அலுவலகத்தில் அவருக்கு எதிர் மேசை என்னுடையது. தட்டச்சு வேலை. இரண்டு ஆண்டுகளாக அவர் பென்சில் சீவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இல்லத்தின் நிறத்தில் ஒரு சின்னக் கோடு இழுப்பார். மஞ்சள் பென்சில் தாளில் சரியாகத் தெரியாது என்பதால் மஞ்சள் இல்லத்துக்கு மட்டும் பழுப்புக் கோடு. இது எங்கள் இருவருக்கும் விசிலம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். விசிலம்மா என்பது விளையாட்டு ஆசிரியை. விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். பாதி வார்த்தை காற்றாகப் போகும்.

புதிதாகப் பெண்களைச் சேர்க்கும் வாரத்தில் ரிஜிஸ்டரக்காவின் மேசை முன்னால் தாய்மார்கள் கூட்டம் அலைமோதும். மஞ்சள் சட்டையில் கறை பளிச்சென்று தெரியும், வேறு நிறம் தாருங்கள் என்று ஒருவர். ஏற்கெனவே பெண்ணுக்கு மூக்குக்கு மேல் கோபம், சிவப்பு வேண்டாம் என்று இன்னொருவர். ஒரு தகப்பனார் தன் மகளின் தோழிகள் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, பந்தி வைப்பவர் போல எல்லோரையும் சேர்த்து உட்கார வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் ரிஜிஸ்டரக்காவிடம் ஒரே பதில்தான். "நான் கொடுக்கலைங்க. நாலு கொடுத்தது." கேட்டவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். அவர் அடுத்த பென்சிலை எடுப்பார்.

இந்த நாலால் வகுக்கும் முறையைக் கொண்டுவந்தவரே அவர்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், மூன்று மாத விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக வேலைக்கு வந்தார். விடுப்பில் போனவர் திரும்பவில்லை, இவர் தங்கிவிட்டார். அப்போதெல்லாம் நான்கு இல்லப் பொறுப்பாசிரியைகளும் ஓய்வறையில் உட்கார்ந்து புதுப் பெண்களைக் காய்கறிக் கடையில் பொறுக்குவதுபோல் பொறுக்குவார்களாம். உயரமானவள் எனக்கு, கால் நீளமானவள் எனக்கு. கடைசியில் மிஞ்சுகிற குட்டையான, கண்ணாடி போட்ட, மூச்சு வாங்குகிற பெண்கள் யாருக்கு என்று சண்டை. அந்தப் பெண்கள் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத தற்காலிக எழுத்தர் தலைமையாசிரியையிடம் போய், இந்த வேலையை என்னிடம் விடுங்கள், வகுத்துத் தருகிறேன் என்றார். அவர் படித்த பள்ளியில் இல்லங்களே கிடையாது. அதனால் அவருக்கு எந்த நிறத்தின் மீதும் ஆசையில்லை என்பது வசதியாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை. மை கொட்டியதில்லை. ஒரு பெண்ணும் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியதில்லை.

வீட்டில் அவர் வேறு ஆள் என்று சொல்வதற்கில்லை. அங்கேயும் டப்பாக்களின் மேல் தேதி எழுதி ஒட்டியிருக்கும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இந்த ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குவது நான்தான் என்று மார்தட்டுவார். அது உண்மைதான், மீதிப் பாதி பேர் படியேறுவதும் இவர் நேரத்துக்குப் போகாததால்தான் என்பார் ரிஜிஸ்டரக்கா. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மாடியில் தங்கை குடும்பம். தங்கைக்கு ஒரே பெண். எல்லோரும் அவளை வாலு என்பார்கள். அவள் தூங்குவது மாடியில், மற்ற எல்லாம் கீழே, பெரியம்மா வீட்டில்.

வாலு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய எண் நான்கால் மீதியில்லாமல் வகுபட்டது. மஞ்சள். அவளுடைய தோழிகள் மூன்று பேரும் சிவப்பு. தங்கை கீழே இறங்கி வந்து கெஞ்சினாளாம். ஒரு கோடுதானே அக்கா, பென்சிலை மாற்றி எடுத்தால் முடிந்தது என்றாளாம். ரிஜிஸ்டரக்கா மசியவில்லை. தங்கை மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் எதுவும் நடக்காததுபோல் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். கோபம் ஆறிவிட்டது என்று ரிஜிஸ்டரக்கா நினைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு வியாழக்கிழமை, நான்கு இல்லங்களும் தங்கள் தலைவியைத் தேர்ந்தெடுத்துப் பெயரை அலுவலகத்துக்கு அனுப்பின. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசித்துச் சட்டையில் சின்னம் குத்துவார்கள். அதற்கு முன் நியமனக் கடிதம் தட்டச்சு செய்ய வேண்டும். கடிதத்தில் சேர்க்கை எண் வேண்டும். அதற்காக ரிஜிஸ்டரக்கா பதிவேட்டைத் திறந்தார். சிவப்பு சரி. நீலம் சரி. பச்சைத் தலைவியின் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தவர் அப்படியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நீலக் கோடு," என்றார்.

பச்சை இல்லம் தேர்ந்தெடுத்த பெண்ணைப் பள்ளி முழுக்கக் கொக்கு என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு. உயரம் தாண்டுதலில் பள்ளிச் சாதனை அவளுடையது. மைதானச் சுவரில் இருக்கும் பலகையில் பச்சை எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகப் பச்சைச் சட்டையில் தாண்டுகிறாள். பதிவேட்டில் மட்டும் அவள் நீலம்.

எப்படி நடந்தது என்பதை விசிலம்மாவை வரவழைத்துக் கேட்டபோது அரை மணியில் விளங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பெண் தன் இல்லச் சட்டையைக் கீழ்வகுப்பில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவாள். காலருக்கு உள்ளே அவள் பெயர் மையால் எழுதியிருக்கும். வாங்கிக்கொண்டவள் அதன் கீழே தன் பெயரை எழுதுவாள். சில சட்டைகளில் ஐந்தாறு பெயர்கள் இருக்கும். கொக்கு ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது, அவள் வீட்டுக்கு மேல் வீட்டில் இருந்த பெண் பள்ளியை முடித்துவிட்டுத் தன் சட்டையை இவளுக்குக் கொடுத்தாள். சட்டை பச்சை. முதல் வெள்ளிக்கிழமை விளையாட்டு நேரத்தில் இவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். சட்டை போட்டு வந்தவர்களை நிறம் பார்த்து வரிசையில் நிறுத்துவதும், சட்டை இல்லாதவர்களை மட்டும் அலுவலகப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவதும் விசிலம்மாவின் வழக்கம். நானூறு பெண்களுக்கு அதுதான் வேகமாம்.

ஆக, அலுவலகம் எண்ணைப் பார்த்தது. மைதானம் சட்டையைப் பார்த்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியையின் அறையில் அன்று பிற்பகல் கூட்டம். நீல இல்லத்துக்குப் பொறுப்பு கணக்கு டீச்சர், பச்சைக்கு உயிரியல் டீச்சர். இருவரும் ஒரே பேருந்தில் வருகிறவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொக்கு எனக்குச் சேர வேண்டியவள், போன ஆண்டு கோப்பை மூன்று புள்ளியில் போனது, அவள் உயரம் தாண்டியதற்கே ஐந்து புள்ளி என்று கணக்கு டீச்சர் ஆரம்பித்தார். உயிரியல் டீச்சர் கொக்குவின் ஃபைலைத் திறந்து, ஆண்டுதோறும் இல்லப் பொறுப்பாசிரியை வீட்டுக்கு அனுப்புகிற அறிக்கைகளின் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினார். நீல இல்லத்துப் பட்டியலில் பெயர் இருந்து ஆள் வராததால், ஆறு ஆண்டும் கணக்கு டீச்சர் தன் கையாலேயே ஒரே வரியை எழுதியிருந்தார். விளையாட்டில் ஆர்வம் காட்ட வேண்டும்.

தலைமையாசிரியை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது தெரிந்தது. விசிலம்மாவின் விசில் தானாக ஒரு முறை கீச்சிட்டது.

சிரித்து முடித்ததும் தலைமையாசிரியை ரிஜிஸ்டரக்காவைப் பார்த்தார். "ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான் ஹவுஸ்னு பத்தொன்பது வருஷமா நீங்கதான் சொல்றீங்க. அதனால நீங்களே சொல்லுங்க. திங்கட்கிழமை காலைல நான் என்ன வாசிக்கணும்?"

பதிவேடுதான் சரி என்றால் கொக்கு நீலத்துக்குப் போக வேண்டும். நீலத்துக்கு வேறு தலைவி தேர்வாகிவிட்டாள். கொக்கு தன்னை அறியாத நூறு பெண்களின் வரிசையில் கடைசியாகப் போய் நிற்பாள். மைதானம்தான் சரி என்றால் பதிவேட்டில் முதல் அடித்தல் விழும். இத்தனை ஆண்டுகள் திருப்பி அனுப்பிய தாய்மார்களுக்கு என்ன பதில் என்று ரிஜிஸ்டரக்காவே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று பள்ளி விட்டதும் கொக்கு அலுவலகத்துக்கு வந்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. நிலையில் தலை இடிக்காமல் இருக்க வழக்கம்போல் குனிந்து நுழைந்து, மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் நீலம்னா, இத்தனை நாள் யாருக்காகக்கா குதிச்சேன்?" என்று கேட்டாள்.

ரிஜிஸ்டரக்கா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, நீலக் கோட்டைக் காட்டினார்.

"கேப்டன் ஆகணும்னு ஆசைதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது இல்லன்னாகூட பரவால்ல. என்னை அந்தப் பக்கம் மட்டும் நிக்க வைக்காதீங்க."

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, ரிஜிஸ்டரக்கா வெகுநேரம் பதிவேட்டை மூடாமல் வைத்திருந்தார். அப்புறம் அலமாரியிலிருந்து பழைய சான்றிதழ்களின் அடிக்கட்டைகளை எடுத்தார். விளையாட்டு விழாவன்று பந்தலுக்குள் மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வருகிற சீட்டைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுவது அவர்தான். கொக்குவின் பெயரைத் தேடி எடுத்தார். பெயர், உயரம் தாண்டுதல், முதலிடம், பச்சை இல்லம். எல்லாம் அவருடைய கையெழுத்து. என்னிடம் நீட்டினார்.

"நானே எழுதியிருக்கேன், பாரு. ஒரு தடவை இல்ல, ஆறு தடவை."

வெள்ளிக்கிழமை மதியம் வாராந்தர வருகைக் கணக்கு போடும் நேரம். அதனால் விளையாட்டு நேரத்தில் ரிஜிஸ்டரக்கா மைதானத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொக்கு ஒருத்திதானா, இன்னும் எத்தனை பேர் என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். நானும் போனேன். அவர் எண்ணைக் கேட்பார், நான் பதிவேட்டில் கோட்டைப் பார்ப்பேன்.

நானூற்று முப்பது பெண்கள், நான்கு வரிசைகள். பச்சையில் கொக்குவைத் தவிர மூன்று பேர் சிக்கினார்கள். ஒருத்திக்குச் சட்டை அத்தை மகளிடமிருந்து வந்தது. ஒருத்தி, முதல் நாள் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், விடவே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தனக்குப் பச்சைதான் எடுப்பாக இருக்கிறது என்று அம்மா சொன்னதாக மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நீலத்தில் இரண்டு பேர். மஞ்சளில் இரண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொருத்தி சிக்கும்போதும் விசிலம்மா ஒரு அடி பின்னால் போனார். கடைசியில் பந்துகள் வைக்கும் கொட்டகையின் கதவுக்கே போய்விட்டார்.

சிவப்பு வரிசைக்கு வந்தோம். எட்டாம் வகுப்புப் பெண்களில் ஒருத்தி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவர்களை எல்லாம் கேட்டு முடித்த பிறகும் கட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நீளக் கயிறாக இருந்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது.

"நிமிரு," என்றார் ரிஜிஸ்டரக்கா.

நிமிர்ந்தாள். வாலு. சிவப்புச் சட்டை அவளுக்கு ஒரு சுற்றுப் பெரியது.

"பெரியம்மா..."

"இங்க நான் உனக்குப் பெரியம்மா இல்ல. நம்பர் சொல்லு."

சொன்னாள். நான் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் பார்த்தேன். பழுப்புக் கோடு.

எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷமாக என்றாள். சட்டை தோழியின் அக்காவுடையது. அம்மாவுக்குத் தெரியும். ரிஜிஸ்டரக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் இன்னொன்று கேட்டார். வாலுவுக்கு ஓடப் பிடிக்கும். மாடிப்படியில் அவள் ஒரு நாளும் நடந்து இறங்கியதில்லை. அப்படியிருந்தும் இரண்டு விளையாட்டு விழாவிலும் எதிலும் சேரவில்லை. வீட்டில் கேட்டபோது பிடிக்கவில்லை என்றிருக்கிறாள். மஞ்சள் இல்லத்திலிருந்து ஆர்வம் போதாது என்று அறிக்கையும் வந்திருக்கிறது.

"ஸ்போர்ட்ஸ்ல ஏன் பேர் குடுக்கல?"

வாலு காலால் மண்ணைக் கிளறினாள். "லிஸ்ட் உங்க மேசைக்குத்தானே வரும்."

கணக்கு டீச்சர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "ரிஜிஸ்டர் வீட்லயே ரெண்டு ரிஜிஸ்டர் ஓடுதா அக்கா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் வரிசையில் நாலைந்து பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரிஜிஸ்டரக்கா பதிவேட்டை வாங்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தார். துண்டு மைதானத்திலேயே விழுந்துவிட்டது. நான்தான் எடுத்து வந்தேன்.

விஷயம் கொக்குவுக்கு மோசமாகிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலை வரைக்கும் அவளைப் பச்சையிலேயே விடலாம் என்றுதான் அவர் மனம் சாய்ந்திருந்தது. இப்போது மைதானம்தான் சரி என்று சொன்னால் வாலுவும் சிவப்பிலேயே இருப்பாள். தங்கை மகளுக்காகத்தான் ரிஜிஸ்டரக்கா வளைந்தார் என்று ஊரே பேசும். அதற்குப் பயந்து பதிவேடுதான் சரி என்றால், வாலுவின் களவுக்குக் கொக்கு தண்டனை அனுபவிப்பாள்.

அன்று மாலை அவர் மாடிக்கு ஏறிப் போனாராம். தங்கை எதையும் மறைக்கவில்லை. கேட்டேன், நீ தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன் என்றாளாம். சட்டையை இத்தனை நாளும் குளியலறைக்குள் காயப்போட்டிருக்கிறாள். மூன்று மாதம் கழித்துத் தேநீரோடு வந்தது, சட்டை கிடைத்த நாள். "கோபம் போய்தான் வந்தேன்க்கா. அது ஏன் போச்சுன்னு நீ கேக்கல," என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போது ரிஜிஸ்டரக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம் பார், என் தங்கைதானே என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது போலப் பட்டது எனக்கு.

சனிக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். விசிலம்மாவிடமிருந்து ஆறு ஆண்டுப் புள்ளி நோட்டுகளை வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். கணவர் ஒரு கையில் திருகாணி முடுக்கியும் இன்னொரு கையில் மின்விசிறியின் உள்பாகமுமாக வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாலாம் மாடி பட்டனை அமுக்கி அஞ்சாம் மாடியில் இறங்கி அங்கேயே குடியிருக்கிறவர்களை இப்போது போய் இறக்கிவிடுவதா என்று கேட்டார். நீங்கள் முதலில் அந்த விசிறியைச் சேர்த்து மாட்டுங்கள் என்று அவரை அனுப்பினோம்.

எங்கள் பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமே புள்ளி என்பதில்லை. ஓட்டமோ வினாடி வினாவோ கோலாட்டமோ, பேர் கொடுத்து வந்து நின்றாலே இல்லத்துக்கு ஒரு புள்ளி. கடைசியாக வந்தாலும் ஒன்று உண்டு. தவறான வரிசையில் நின்ற ஒன்பது பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நோட்டுகளைப் புரட்டிப் புரட்டி அவரவர் புள்ளியைக் கூட்டினோம். கொக்குவுக்குத் தொண்ணூற்று நான்கு. பச்சைதான் எடுப்பு என்ற பெண்ணுக்குக்கூடச் சாக்கு ஓட்டத்தில் மூன்று. தோழியின் கையை விடாதவளுக்கு இரண்டு. எல்லாம் அவர்கள் நின்ற இல்லத்தின் கணக்கில். மூன்று பேருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அதில் இரண்டு பேர் இந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் விழாவே வரவில்லை. மூன்றாவது வாலு.

ரிஜிஸ்டரக்கா அந்தத் தாளில் வாலுவின் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார்.

"தெரியாம நின்னவங்க யாரும் ஒளியல, பாரு," என்றார். "பேர் குடுத்திருக்காங்க, ஓடியிருக்காங்க. தெரிஞ்சு நின்னவதான் ரெண்டு வருஷமா உக்காந்தே இருக்கா."

வாலு அப்போது கீழேதான் இருந்தாள், அடுத்த அறையில், பாடம் படிப்பதுபோல். புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் நின்றுவிட்டது. ரிஜிஸ்டரக்கா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறார் என்பதை அவளிடம் முதலில் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வாலு அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். பிறகு, அப்படியென்றால் இந்த வருஷம் பேர் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே ரிஜிஸ்டரக்கா தலைமையாசிரியையின் அறையில் இருந்தார். கணக்கு டீச்சரும் உயிரியல் டீச்சரும் வந்தார்கள். ஒரு பெண் எந்த இல்லத்துக்காக ஒரு புள்ளியாவது வாங்கியிருக்கிறாளோ, அதுதான் அவளுடைய இல்லம். ஒரு புள்ளியும் இல்லாதவள் பதிவேட்டில் உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்றார் ரிஜிஸ்டரக்கா. பழைய கோப்பைகள் போன இடத்திலேயே இருக்கட்டும். இனிமேல் ஆண்டின் முதல் வெள்ளிக்கிழமை பதிவேடு மைதானத்துக்கு வரும். ஆறு பேருக்குத் திருத்தம், மூன்று பேருக்கு மாற்றம்.

கணக்கு டீச்சர் கேட்டார்: "அப்போ ஆறு வருஷமா என் லிஸ்ட்ல இருந்தவ?"

"லிஸ்ட்ல இருந்தா. உங்க வரிசைல இல்ல. ஆர்வம் இல்லன்னு ஆறு தடவை எழுதினீங்க, ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கல. நான் ஆறு தடவை பச்சைன்னு சர்டிபிகேட் எழுதினேன். நானும் ரிஜிஸ்டரத் தொறந்து பாக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் அவள அங்க அனுப்பியிருக்கோம்."

"உங்க தங்கச்சி மகள்?"

"மஞ்சள். இன்னிக்கே."

 வெளியே வந்ததும் கணக்கு டீச்சர் உயிரியல் டீச்சரிடம், தொண்ணூற்று நான்கா, உண்மையாகவா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். மதியம் இருவரும் ஒரே டப்பாவில்தான் சாப்பிட்டார்கள்.

ரிஜிஸ்டரக்கா பதிவேட்டை என் மேசையில் வைத்துத் திறந்தார். கொக்குவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நீலக் கோட்டின் மேல், அளவுகோல் வைத்து, சிவப்பு மையில் ஒரே ஒரு அடித்தல். பக்கத்தில் பச்சைக் கோடு. கீழே சுருக்கக் கையெழுத்து, தேதி.  அடித்த பிறகு பேனாவை மூட மறந்துவிட்டார். ஆறையும் முடித்துவிட்டுத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பரவாயில்லை, அசிங்கமாக இல்லை என்றார்.

கூட்டத்தில் நான்கு பெயர்களையும் வாசித்தார்கள். பச்சை இல்லத் தலைவியாகக் கொக்குவின் பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்த சத்தத்தில், விசிலம்மா ஊதிய விசில் யாருக்கும் கேட்கவில்லை. தலைமையாசிரியை சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கொக்கு முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி நின்றாள். சின்னத்தைக் குத்தி முடிக்கும்வரை அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது அவள் பார்த்தது அலுவலக வாசலை. ரிஜிஸ்டரக்கா அங்கே நின்று, கையில் ஒன்றுமில்லாமல், கை தட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மூன்று பேர் வரிசை மாறினார்கள். ஆறாம் வகுப்புப் பெண்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நீலத்துக்கு ஓடினார்கள். வாலு சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் தனியாக நடந்தாள். நடுவில் பத்துப் பதினைந்து அடி தூரம்தான். நானூறு பேர் பார்க்கும்போது அது நீளமாகத்தான் இருந்திருக்கும். மஞ்சள் இல்லத்தின் புதுத் தலைவி ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். என்னவோ கேட்டாள். வாலு தலையாட்டினாள். ஓடுவியா என்று கேட்டாளாம்.

மஞ்சள் சட்டை தேடுவது இப்போது தங்கையின் வேலை. தெருவில் யார் வீட்டுக் கொடியில் மஞ்சள் தெரிந்தாலும் கதவைத் தட்டிக் கேட்கிறாளாம். கறை பளிச்சென்று தெரியுமே என்ற புலம்பலையும் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை விளையாட்டு விழாவுக்கான பெயர்ப் பட்டியல்கள் அலுவலகத்துக்கு வந்தன. தட்டச்சுக்கு என்னிடம் தருவதற்கு முன் ரிஜிஸ்டரக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், இந்த முறை பதிவேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. மஞ்சள் இல்லத்தின் பட்டியலில் பென்சில் நின்றது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம், தொடர் ஓட்டம். ஐந்திலும் வாலுவின் பெயர் இருந்தது.

"ஒருத்திக்கு மூணுதான்," என்றார் ரிஜிஸ்டரக்கா. "ரெண்டு வருஷத்துக்கும் சேத்து ஓடப் பாக்கறாளா?"

பென்சிலைத் தாளுக்குக் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார். பட்டியலை என்னிடம் நீட்டினார்.

"எட்டாம் கிளாஸ் ரூம் மாடிலதான். எந்த ரெண்ட அடிக்கறதுன்னு அவளையே கேட்டுட்டு வா."